இரவற் கொப்பியும் ஓராண்டு வாசிப்பும்

ஓராண்டிலே தாம் கற்ற நூல்களுள் சிறந்தவை எவை என்று ஒருவரை வினவுமிடத்து, அவர் தரும் விடை பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே அமையும். பட்டியல் எழுதுதல் எளிது. அந்நூல்களுள் எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை விட்டுவிடுவது என்று தீர்மானிக்க வேண்டிய நிலை நேரும்போதுதான் ஒருவரது விருப்பம் சோதனைக்கு உள்ளாகின்றது. கல்முனைக்குடியைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு அத்தகைய நிலை சென்ற ஆண்டு மாரிகாலத் தொடக்கத்தில் ஏற்பட்டது.

கிழக்கிலங்கைக் கரையோரத்திலே தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடிமுறை நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. மணமுடிக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்கப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்த பெண்களுக்கு ஒவ்வொன்றாக வீடு கட்டிக் கொடுத்த பெற்றோர், கடைசிப் பெண்ணுக்குத் தாம் வாழ்ந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, வளவின் ஒரு மூலையில் இரண்டு அறைகளைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவது வழக்கம். ஆசிரியரின் இளைய மகளுக்கு மணம் நிச்சயமாயிற்று. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பட்டப்படிப்பை முடிக்க அவளுக்கு ஓராண்டு இருந்தது. அதன் பின் திருமணம் என்று பெரியவர்கள் பேசி முடித்தனர். வளவின் பின்புறத்திலே இரண்டு அறைகளுக்கு அத்திவாரம் வெட்டப்பட்டது.

முன் மண்டபத்தின் சுவரை நிறைத்து நின்ற நூல் அலுமாரியிலே ஏறத்தாழ நானூறு நூல்கள் இருந்தன. புதிய அறையிலோ ஒரேயொரு றாக்கைக்கே இடமிருந்தது; நெருக்கி அடுக்கினும் நாற்பதுக்கு மேல் வைத்தல் இயலாது. ஆகவே அவர் ஓர் அப்பியாசக் கொப்பியை வாங்கி, பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரித்து, இடப்புறத்தில் ‘தங்குவன’ என்றும் வலப்புறத்தில் ‘செல்வன’ என்றும் தலைப்பிட்டார். பெரும்போக விதைப்பு முடிந்து மழை தொடங்கிய கிழமையிலே வாசிப்பும் தொடங்கிற்று. அடுத்த மழைக்கு முன் கணக்கை முடித்துவிட வேண்டும் என்பது அவரது எண்ணம்.

நானூறு நூல்களையும் ஓராண்டிலே மீண்டும் படித்தல் ஆகாத காரியம். எனவே ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டார். அகரவரிசையும் ஆண்டுவரிசையும் அவருக்கு உவக்கவில்லை. வடக்கே பெரியநீலாவணையில் தொடங்கி, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை எனத் தெற்கே அக்கரைப்பற்று வரை செல்லும் நெடுஞ்சாலையின் வரிசையிலேயே நூல்களை எடுத்துவைத்தார். தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் கலந்து வரும் இச்சாலையிலே, ஊருக்கு ஓர் எழுத்தாளரேனும் இல்லாத இடம் அரிது. இச்சாலை ஓரத்திலே எழுதப்பட்டவற்றை முதலில் படிப்பது, எஞ்சிய காலத்தில் வெளியூர் நூல்களைப் பார்ப்பது என்பது திட்டம்.

இவ்வரிசைப்படி நோக்கின் முதலில் நிற்பவர் பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன். கே. சின்னத்துரை என்னும் இயற்பெயருடைய அவர் 1931 இல் பிறந்து, ஆசிரியராகப் பணிபுரிந்து, 1975 இல் மறைந்தார். அவரது கவிதைத் தொகுதியாகிய ‘வழி’ 1976 இலும், நெற்செய்கையையும் அதனைச் சூழ்ந்த வாழ்வையும் பாடும் காவியமாகிய ‘வேளாண்மை’ 1982 இலும் வெளிவந்தன. இரண்டையும் அவர் அச்சிலே கண்டாரல்லர். ஆசிரியர் ‘வேளாண்மை’யை எடுத்துப் படித்தார். ‘வழி’யைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அலுமாரியின் அடித்தட்டிலேயே மீண்டும் வைத்தார். அதற்கான காரணம் பின்னர் கூறப்படும்.

‘வேளாண்மை’யை இன்றைய மாணவர் படிக்க வேண்டும் என்பதற்கு அவர் கொப்பியிலே எழுதிய காரணம் சொல்லைப் பற்றியது. இப்பகுதியிலே வேளாண்மை என்றால் தொழிலின் பொதுப்பெயர் மட்டுமன்று. வயலிலே நிற்கும் நெற்பயிரே வேளாண்மைதான். அறுவடை இயந்திரம் ஒரு நாளிலே வயலை வெறுமையாக்கிவிட்டுப் போகும் இக்காலத்தில், சூடு மிதித்தலோடும் காவற் பரணோடும் வழங்கிய சொற்களுட் பல வழக்கொழிந்து வருகின்றன. போடியார் வளவிலும் களத்திலும் வழங்கிய அத்தகைய மொழியைக் காவியத்தின் ஓசைக்குள் அடக்கிப் பேணிய நூல் அது. அகராதியிலே சொல் தனித்துக் கிடக்கும்; காவியத்திலோ அது வேலை செய்துகொண்டிருக்கும் என்று அவர் குறித்துவைத்தார். அந்நூல் இடப்புறத்தில் எழுதப்பட்டது.

அடுத்தது மருதமுனை. நெசவுத் தறிகளின் ஓசையாலே அறியப்பட்ட அவ்வூரிலே புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் மரபுவழிச் செய்யுள் செய்து புகழ் பெற்றார். அதே ஊரிலே வீ. எம். இஸ்மாயில் என்னும் ஆசிரியர் மருதூர்க்கொத்தன் என்ற பெயரில் சிறுகதை எழுதினார். 1985 இல் வெளியான ‘மருதூர்க்கொத்தன் கதைகள்’ என்ற தொகுதியைப் படித்து முடிக்க அவருக்கு ஒரு கிழமை போதுமானதாயிருந்தது. முஸ்லிம்களின் எழுத்து என்றவுடன் வெளியார் சமயத்தையே முதலில் தேடுவர். மருதூர்க்கொத்தன் காட்டுவதோ உழைப்பவனின் அன்றாடமும், அவனை அடுத்துக் கெடுப்பவனின் பேச்சுமேயாகும். தொழுகையும் நோன்பும் அங்கே வாழ்வின் இயல்பாக வந்துபோகுமேயன்றி, விளக்கவுரைக்காக நிறுத்திவைக்கப்படுவதில்லை. தம்மவரைத் தம்மவருக்கே எழுதிக்காட்டும் துணிவு என்று அவர் இதனை மதிப்பிட்டார்.

பாண்டிருப்பைச் சேர்ந்த சண்முகம் சிவலிங்கத்தின் ‘நீர் வளையங்கள்’ 1988 இல் வெளியாயிற்று. கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் 1969, 1970 ஆம் ஆண்டுகளில் கல்முனையிலிருந்து ‘கவிஞன்’ என்னும் கவிதை இதழை நடத்தினார். மஹாகவியின் ‘கோடை’ என்னும் பா நாடகம் 1970 இல் கல்முனை வாசகர் சங்க வெளியீடாக வந்தது. வடக்கே அளவெட்டியிற் பிறந்த கவிஞரின் நூலைக் கிழக்கே கல்முனையில் இருந்தவர்கள் அச்சிட்டார்கள் என்பதும், அவ்வாறு அச்சிட்டவர்கள் தம்மை எழுத்தாளர் என்றோ பதிப்பாளர் என்றோ அழைத்துக்கொள்ளாது வாசகர் என்று அழைத்துக்கொண்டார்கள் என்பதும் எண்ணத்தக்கவை. நல்ல நூலைப் பரிந்துரைப்பதன் உச்சநிலை அதனைத் தாமே அச்சிட்டுக் கொடுப்பதுதான் போலும்.

இங்கு இன்னொரு நூலையும் சேர்த்து நோக்குதல் தகும். 1984 இல் சென்னை க்ரியா வெளியிட்ட ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ என்னும் தொகுப்பை நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்தனர். ஈழம் முழுவதிலிருந்தும் தெரிந்தெடுக்கப்பட்ட பதினொருவருள் நீலாவணன், சண்முகம் சிவலிங்கம், நுஃமான் ஆகிய மூவர் இந்நெடுஞ்சாலையின் சில மைல் தூரத்துக்குள் வாழ்ந்தவர்கள். சிறிய ஊர்களிலே பிறந்தமைக்காகக் கூச்சப்படும் மாணவருக்கு முதலிற் கொடுக்கவேண்டிய நூல் இதுவே என்று ஆசிரியர் எழுதினார்.

நுஃமானின் நூல்களை அவர் ரமழான் மாதத்து இரவுகளிலே படித்தார். தராவீஹ் தொழுகை முடிந்து வந்தால் ஸஹர் வரையில் ஊர் முழுதாக உறங்குவதில்லை. அவ்வேளைகளில் ‘அழியா நிழல்கள்’ (1982), ‘மழை நாட்கள் வரும்’ (1983) ஆகிய தொகுதிகளையும், அவற்றுக்கு முன் 1981 இல் வந்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ என்னும் மொழிபெயர்ப்பையும் வரிசையாகப் படித்தார். மஹ்மூத் தர்வீஷ் முதலிய கவிஞர்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த அம்மொழிபெயர்ப்பு, 1981 இல் எவ்வளவுக்குத் தேவைப்பட்டதோ அதனினும் மிகுதியாக இன்று தேவைப்படுகின்றது. வீடிழந்தவனின் குரலைத் தன் மொழியிலே கேட்டுப் பழகிய ஒருவன், பக்கத்து ஊரில் வீடிழந்தவனையும் அடையாளம் காணக் கூடும் என்பதே அவரது நம்பிக்கை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. புத்தரே சுட்டுக் கொல்லப்பட்டு நூல்களோடு எரிக்கப்படுவதாகக் கற்பித்து, ‘புத்தரின் படுகொலை’ என்னும் கவிதையை எழுதியவரும் நுஃமானே. கல்முனைக்குடியிற் பிறந்த ஒருவர் யாழ்ப்பாணத்து நூலகத்துக்காக எழுதியது அக்கவிதை.

நூலழிவைப் பற்றிப் படித்த அவ்விரவில் ஆசிரியர் மேசை இழுப்பறையிலிருந்து மற்றொரு கொப்பியை எடுத்தார். அது அவரது இரவற் கொப்பி. 1980 ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டது. நூலின் பெயர், கொண்டுபோனவர் பெயர், திகதி, திருப்பிய திகதி என நான்கு நிரல்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, பிரதான வீதிக்கு மேற்கே இருந்த அவரது வீட்டை நீர் எட்டவில்லை. அலுமாரியில் ஒரு தாளும் நனையவில்லை. ஆனால் அந்நாளிலே கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு இரவலாகச் சென்றிருந்த நூல்கள் இருபத்துமூன்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையிலே மிகக் கூடிய உயிரிழப்பு இம்மாவட்டத்திலேதான். கொப்பியில் இருந்த பெயர்களுள் ஐந்து அந்தப் பத்தாயிரத்துக்குள் அடங்கின. அவர்களுள் இருவர் அவரிடம் ஒன்பதாம் வகுப்பிலே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்.

அந்த ஐந்து பெயர்களுக்கும் எதிரே நான்காவது நிரல் இன்றுவரை வெறுமையாகவே கிடக்கின்றது. கோடிட்டு அடிக்க அவருக்கு மனம் வரவில்லை. திருப்பித் தரப்பட்டது என்று எழுதினால் பொய்யாகும். தரப்படவில்லை என்று எழுதினால் குற்றச்சாட்டாகும். ஆழிப்பேரலைக்குப் பின் அவர் எவருக்கும் நூல் இரவல் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம் அலுமாரியின் திறப்பைக் காணவில்லை என்று கூறினார். இருபது ஆண்டுகளாக அலுமாரி வீட்டாரின் பெருமையாகவும், ஊராருக்கு ஒரு காட்சியாகவும் நின்றதேயன்றி, நூல் ஒன்றேனும் வாசற்படியைத் தாண்டவில்லை. கடல் கொண்டுபோன இருபத்துமூன்று நூல்களுக்காக, எஞ்சிய நானூறும் சிறையிருந்தன எனலாம்.

சிறுபோகத் தொடக்கத்திலே அவர் சோலைக்கிளியின் ‘எட்டாவது நரகம்’ (1988), ‘காகம் கலைத்த கனவு’ (1991) ஆகிய தொகுதிகளுக்கு வந்தார். 1957 இல் பிறந்த சோலைக்கிளியும் கல்முனையைச் சேர்ந்தவரே. நரகம் ஏழு என்று சிறுவயதிலே ஓதிக்கொடுக்கப்பட்ட ஒரு சமூகத்தில், எட்டாவது ஒன்று உண்டு என்று கவிஞர் சொல்வாராயின் அது எங்கே உள்ளது என்று விளக்க வேண்டியதில்லை. போர்க்காலத்து அச்சத்தை அவர் காகம், பூனை, மரம் முதலிய அன்றாடப் பொருள்களின் வாயிலாகவே பேசினார். அக்கவிதைகள் வெளிவந்த காலத்தில் விளங்கவில்லை என்று ஒதுக்கிய ஆசிரியர், இம்முறை ஒரே இருப்பிலே படித்தார். விளங்காமைக்குக் காரணம் கவிதையன்று, அந்நாளில் விளங்கிக்கொள்ள அஞ்சிய தமது மனமே என்று ஒளிவின்றி எழுதிவைத்தார்.

சாய்ந்தமருதிலிருந்து எழுதும் அனாரின் ‘எனக்குக் கவிதை முகம்’ (2007) என்னும் தொகுதியை அலுமாரியிலே கொண்டுவந்து வைத்தவள் மகள். கிழக்கிலங்கை நாட்டார் காதற் பாடல்களை அனார் தொகுத்த ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ (2013) என்னும் நூலும் அவளுடையதே. வயலிலும் வளவிலும் பாடப்பட்ட கவிகளிலே பெண்கள் எவ்வளவு துணிவோடு பேசினார்கள் என்பதைக் கண்டு ஆசிரியர் வியப்புற்றார். அப்பாடல்களுள் இரண்டைத் தமது மூத்தம்மா நெல் குற்றும்போது பாடியதை அவர் கேட்டிருந்தார். ஆனால் அவை நூலில் ஏறத்தக்கவை என்று அக்காலத்தில் எவரும் அவருக்குக் கூறவில்லை; அவரும் நாற்பது ஆண்டு காலத் தமிழ்ப் பாடவேளைகளில் தம் மாணவருக்குக் கூறவில்லை. பாட்டியின் கவியையும் பேர்த்தியின் கவிதையையும் அருகருகே வைத்துப் படிக்குமாறு அவர் பரிந்துரைத்தார்.

காரைதீவைக் கடக்கும் எவரும் சுவாமி விபுலாநந்தரைக் கடத்தல் இயலாது. 1892 இல் அங்கு பிறந்த அடிகளாரின் ‘யாழ் நூல்’ 1947 இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். பழந்தமிழரின் யாழைக் கணிதத்தாலும் இசையிலக்கணத்தாலும் மீட்டெடுக்க முனைந்த அப்பெருநூலை ஆசிரியர் நான்காவது முறையாகத் தொடங்கி, நான்காவது முறையாக இடையிலே நிறுத்தினார். தமக்கு முழுதும் விளங்காத நூலைப் பிறருக்குப் பரிந்துரைத்தல் நேர்மையாகாது. விளங்கவில்லை என்பதற்காக விட்டுவிடுதலும் முறையன்று. அது ‘தங்குவன’ நிரலிலே இடம்பெற்றது.

சாலையின் தென்முனையிலே அக்கரைப்பற்று. விமல் குழந்தைவேலின் ‘கசகறணம்’ (2011) என்னும் நாவல் அவ்வூர்ச் சந்தையையும், அங்கே அருகருகே இருந்து வியாபாரம் செய்த தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் போரினாலே பிரிக்கப்பட்டதையும் அப்பகுதிப் பேச்சுமொழியிலேயே கூறுகின்றது. இக்கரையில் 1985 இலும் 1990 இலும் நிகழ்ந்தவற்றை ஒவ்வொரு சமூகமும் தன் காயத்தின் பக்கமிருந்தே நினைவிற் கொள்கின்றது. இரு பக்கத்துக் காயமும் ஒரே சந்தையிலே ஏற்பட்டது என்பதை அந்நாவல் மறக்க விடுவதில்லை. பேச்சுமொழி முதலிலே சற்று இடர்தரினும், உரத்து வாசிப்பின் தடை நீங்கிவிடும் என்பது அவர் கண்ட வழி.

எஞ்சிய மாதங்களிலே, கச்சான் காற்று வீசும் பகல்களில், வெளியூர் நூல்கள் சிலவற்றைப் படித்தார். கண்டிச் சித்திலெப்பை 1885 இல் வெளியிட்ட ‘அசன்பேயின் சரித்திரம்’ ஈழத்துத் தமிழ் நாவல் வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளப்படுவது. அதன் கதை எகிப்திலும் இந்தியாவிலும் நிகழ்கின்றது. முதல் நாவலிலே சொந்த மண் இல்லை என்பது குறைதான். அக்குறையை நிறைக்க நூறு ஆண்டுகளில் எத்தனை பேர் எழுத வேண்டியிருந்தது என்பதை இச்சாலை நூல்களைப் படித்தபின் அறிந்துகொள்ளலாம். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ (1988) கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணத்தை அடிப்படையாகக் கொண்டது. கடலும் பள்ளிவாசலும் கல்முனைக்குடியை ஒத்தவையே, சொற்களோ வேறு. கல்வி வருவதைத் தடுக்கும் ஊர்ப்பெரியவரின் வீழ்ச்சியைக் கூறும் அந்நாவல் ஆசிரியர்கள் யாவரும் படிக்கத்தக்கது.

கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ சோவியத் வெளியீடாகத் தமிழில் வந்து, மலிவு விலையிலே கிடைத்தது. தாமே அரைகுறையாக எழுத்தறிந்த தூய்ஷேன் என்னும் இளைஞன், மலைக் கிராமமொன்றிலே பள்ளிக்கூடம் அமைத்து, குளிர்ந்த ஓடையிலே பிள்ளைகளைத் தூக்கிக் கரைசேர்க்கின்றான். அவனிடம் படித்துப் பேரறிஞரான மாணவி, பல்லாண்டுக்குப் பின்னர் அவனை மறந்திருந்தமைக்காக வெட்கப்படுகின்றாள். அந்நூலைப் படித்து முடித்த மாலையிலே ஆசிரியர் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ‘வழி’யை எடுத்தார்.

அந்நூல் அவருடையதன்று. முதற் பக்கத்திலே பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழ் நண்பர் ஒருவரின் கையொப்பமும், 1984 ஆம் ஆண்டின் திகதியும் இருந்தன. ஆசிரிய கலாசாலையிலே ஒரே அறையில் இருந்து படித்தவர்கள் இருவரும். இரண்டு கிழமையில் தருவதாகச் சொல்லி வாங்கிவந்தது. அதன்பின் 1985 வந்தது, 1990 வந்தது. அரை மணித்தியாலத்திலே சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம் அயல் நாட்டுத் தூரமாயிற்று. போர் முடிந்தபின் வீதி திறந்திருந்தது, பஸ்ஸும் ஓடிற்று. இருந்தும் அவர் போகவில்லை. அந்நாள்களில் நண்பர் எங்கே இருந்தார், என்ன இழந்தார் என்று விசாரிக்கத் தவறியவருக்கு, ஒரு நூலைக் கையிலேந்திக்கொண்டு போய் நிற்பது கூச்சமாயிருந்தது. கூச்சம் ஆண்டுக்கு ஆண்டு பெருகிற்று. பிறர் தராத நூல்களுக்காகக் கொப்பி வைத்திருந்தவர், தாம் தராத ஒன்றை எந்தக் கொப்பியிலும் எழுதவில்லை.

இதனைக் கண்டுபிடித்தவள் மகள். விடுமுறைக்கு வந்திருந்தவள் கொப்பியின் இரு நிரல்களையும் படித்துப் பார்த்துவிட்டு, “வாப்பா, ‘வழி’ தங்குற பக்கத்துலயும் இல்ல, போற பக்கத்துலயும் இல்லயே?” என்று வினவினாள். அவர் நூலைத் திறந்து கையொப்பத்தைக் காட்டினார். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர், “அப்ப இது எங்கட கணக்குல வராது. குடுத்திட்டு வாங்க” என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவர் பாண்டிருப்புக்குச் சென்றார். நண்பரின் வீட்டை அடையாளம் காணுதல் கடினமாயிற்று. பழைய வீடு இல்லை. கதவைத் திறந்த பெண் உள்ளே நோக்கி அழைத்தாள். நண்பர் மெலிந்திருந்தார், கண்ணிலே வெள்ளை படர்ந்து, அறுவைச் சிகிச்சைக்குத் திகதி கிடைத்துக் காத்திருந்தார். குரலைக் கேட்டே ஆளை அறிந்துகொண்டார். தேநீர் வந்தது. யார் யார் இருக்கிறார்கள், யார் யார் இல்லை என்ற பேச்சிலே நெடுநேரம் சென்றது. இல்லாதவர்களின் வரிசையிலே நண்பரின் மூத்த மகனும் இருந்தான். 1990 என்று ஆண்டை மட்டும் கூறினார். மேலே எதுவும் கூறவில்லை. ஆசிரியர் அவரது கையைப் பற்றிக்கொண்டு, கேட்க வேண்டிய காலத்தில் கேட்காது விட்டமைக்காகப் பொறுத்தருளுமாறு வேண்டினார். பின்பு நூலை அவரது மடியில் வைத்தார்.

நண்பர் விரல்களால் அட்டையைத் தடவிப் பார்த்தார். என்ன நூல் என்று கேட்டறிந்தார். சிரித்தார். சில பக்கங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஆசிரியர் வாசித்துக்கொண்டு போக, சில இடங்களில் அடுத்த அடியை நண்பரே முந்திக்கொண்டு சொன்னார். எழுந்து விடைபெறும்போது அவர் நூலைத் திருப்பி நீட்டி, “இதத் தந்தா கணக்கு முடிஞ்சிரும் மச்சான். கணக்கு முடிஞ்சா நீ எதுக்கு இஞ்ச வரப்போறாய்? கொண்டுபோ. கண் வெட்டினாப் பிறகு கொண்டா” என்றார். பேனை கேட்டு வாங்கி, பழைய திகதியின் கீழே மகளின் உதவியோடு புதிய திகதியை எழுதுவித்தார்.

வீடு திரும்பிய ஆசிரியர் அன்றிரவு இரு கொப்பிகளையும் அருகருகே வைத்துக்கொண்டு இருந்தார். ஓராண்டு முழுவதும் அவர் கையாண்ட அளவுகோலிலே ஒரு பிழை இருந்தமை அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. சிறந்தவை என்று கண்டவற்றையெல்லாம் ‘தங்குவன’ என்று எழுதியிருந்தார். ஆயின் ஒவ்வொன்றின் எதிரிலும் இதனை இன்னார் படிக்க வேண்டும், மாணவர் படிக்க வேண்டும், ஆசிரியர் படிக்க வேண்டும் என்ற குறிப்பும் அவர் கையாலேயே எழுதப்பட்டிருந்தது. பிறர் படிக்க வேண்டும் என்று தோன்றுவதே ஒரு நூலின் சிறப்புக்குச் சான்றாயின், அந்நூல் தங்கவேண்டிய இடம் அவரது றாக்கை ஆகாது. அவர் நிரல்களின் தலைப்புகளை மாற்றி எழுதினார். மகள் தன் கைத்தொலைபேசியிலே நூலகம் இணையத்தளத்தைத் திறந்து, 2005 முதல் ஈழத்து நூல்களும் இதழ்களும் அங்கே மின்வடிவிற் சேகரிக்கப்பட்டு வருவதைக் காட்டினாள். இனிக் கடல் கொண்டுபோனாலும் முழுவதும் போய்விடாது என்று அவருக்கு ஓர் ஆறுதல் உண்டாயிற்று.

அடுத்த மாரி தொடங்குமுன் புதிய அறைகள் கட்டி முடிந்தன. அலுமாரி முன் மண்டபத்திலேயே நின்றது. மகளும் வரவிருந்த மருமகனும் அதனை அகற்ற வேண்டாம் என்றனர். திறப்பு கதவிலேயே தொங்கவிடப்பட்டது. ‘வேளாண்மை’ பக்கத்து வீட்டு விவசாயபீட மாணவனிடமும், ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ பாடசாலையொன்றின் இளம் ஆசிரியையிடமும், ‘பலஸ்தீனக் கவிதைகள்’ பள்ளிவாசல் நிருவாகி ஒருவரிடமும், ‘கசகறணம்’ மூத்த மகளிடமும் சென்றுள்ளன. இரவற் கொப்பியிலே இருபது ஆண்டுகளுக்குப் பின் புதிய பக்கம் திறக்கப்பட்டது. பழைய ஐந்து பெயர்களும் பழைய பக்கத்திலே, நான்காவது நிரல் வெறுமையாகவே உள்ளன.

பின்னறையின் சிறிய றாக்கையிலே இப்போது நிற்பவை அகராதிகள் சில, இன்னும் படித்து முடியாத ‘யாழ் நூல்’, அவருடையதல்லாத ‘வழி’. கண் சிகிச்சை முடிந்த செய்தி வந்ததும் பாண்டிருப்புக்குப் போகவேண்டும். இம்முறை இரவற் கொப்பியின் கடைசிப் பக்கத்திலே, ‘வாங்கியது’ என்று தலைப்பிட்டு, நூலின் பெயரையும் நண்பரின் பெயரையும் திகதியையும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.